புளியஞ்சோலையில் பொட்டி கவுந்த கதை

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆணி அதிகம்னு பொய் சொல்ல விரும்பல. சோம்பேறித்தனம்தான். இன்னிக்கு எழுத உக்காந்ததுக்குக் காரணம், நம்ம பதிவுலக நண்பர் ஒருத்தர் போன் பண்ணி, "சொந்தமா கிளவுட்ல ஒரு மெஷின் வாடகைக்கு எடுக்கலாம்னு இருக்கேன், எடுக்கலாமா?"ன்னு கேட்டது. எடுக்கலாம் சாமி, தாராளமா எடுக்கலாம். அதுக்கு முன்னாடி இந்தக் கதையைக் கேட்டுட்டு எடுங்க.

முதல்ல ஒரு சின்ன கொசுவர்த்தி. மண்ணச்சநல்லூர் பக்கம் போயிருக்கீங்களா? திருச்சியில இருந்து துறையூர் போற ரோட்டுல, பொன்னி அரிசிக்குப் பேர் போன ஊரு. எங்க மாமாவுக்கு (தங்கமணியோட அப்பா) அங்க ஒரு சின்ன ரைஸ் மில். எந்த விவசாயி எத்தனை மூட்டை நெல் போட்டாரு, எடை எவ்வளவு, ஈரப்பதம் எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு வாங்கினாரு, பாக்கி எவ்வளவுன்னு எல்லாமே நோட்டுலதான் ஓடிட்டு இருந்துச்சு. மருமகன் பொட்டி தட்டறவன் ஆச்சே, சும்மா விடுவானா? நானே உக்காந்து ஒரு கணக்கு மென்பொருள் எழுதி, கிளவுட்ல ஒரு மெஷின் வாடகைக்கு எடுத்து அதுல ஏத்தி விட்டேன். மில்லுலயும் பார்க்கலாம், திருச்சிக் கடையிலயும் பார்க்கலாம், மாமா வீட்டு ஊஞ்சல்ல ஆடிக்கிட்டே போன்லயும் பார்க்கலாம். மாமாவுக்கு ஒரே பெருமை.

ஒரே ஒருத்தருக்குத்தான் இதுல நம்பிக்கை இல்ல. முப்பது வருஷத்துக்கு மேல அங்க இருக்கற கணக்கர் ஐயா. கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் ஒழுங்கா ஏத்துவாரு. ஆனா சாயங்காலம் மில் நிக்கறப்போ, சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டை எடுத்து அன்னிக்கு வரவு பூராத்தையும் மறுபடி கையால எழுதுவாரு. நான் போறப்பல்லாம் கிண்டல் பண்ணுவேன். "ஐயா, அதெல்லாம் மும்பையில பத்திரமா இருக்கு, ஏன் கை வலிக்க எழுதறீங்க?" அவரு சிரிச்சுக்குவாரு. "இருக்கட்டும் தம்பி, எழுதலேன்னா எனக்குத் தூக்கம் வராது."

இந்த மெய்நிகர் மெஷின்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. எங்கேயோ ஒரு பெரிய கட்டிடத்துல ஆயிரக்கணக்குல சர்வர் அடுக்கி வச்சிருப்பாங்க. அதுல ஒரு சர்வரைப் பல துண்டாக்கி, ஒவ்வொரு துண்டும் தனக்குன்னு தனி கம்ப்யூட்டர் இருக்கறதா நினைச்சுக்கற மாதிரி ஏமாத்தறதுக்கு ஒரு மென்பொருள் இருக்கு. ஹைப்பர்வைசர்னு பேரு. ஐபிஎம் காரங்க 1972லயே விஎம்/370ன்னு இதைப் பெரிய மெயின்பிரேம்கள்ல வித்தாங்க. சாதாரண சர்வருக்கு ஸென் 2003ல வந்துச்சு, லினக்ஸுக்குள்ளயே கேவிஎம் 2007ல சேர்ந்துச்சு. மணிக்கணக்குல வாடகைக்கு விடலாம்னு அமேசான் 2006ல இசி2வை ஆரம்பிச்சு வச்சது. இந்தியாவுல 2015ல மைக்ரோசாஃப்ட் புனே, சென்னை, மும்பையில கடை விரிச்சது. 2016ல அமேசான் மும்பைக்கு வந்துச்சு. இப்போ டீ செலவு மாதிரி மாசக் காசு குடுத்து நாமளும் ஒரு மெஷினுக்குச் சொந்தக்காரன் ஆயிடலாம்.

சொந்தக்காரன் இல்ல, குடித்தனக்காரன். அந்த வித்தியாசம்தான் எனக்குப் புரியாம இருந்துச்சு.

கதைக்கு வர்றேன். பொங்கல் முடிஞ்சு வந்த சனிக்கிழமை. "லீவு பூரா அந்தப் பொட்டியைக் கட்டிட்டு அழுதது போதும், புள்ளைங்களை எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க"ன்னு தங்கமணி உத்தரவு. புளியஞ்சோலை போலாம்னு முடிவாச்சு. திருச்சியில இருந்து எழுபது கிலோமீட்டர் சொச்சம். துறையூர் தாண்டி, உப்பிலியபுரம் தாண்டி, ரோடு கொல்லிமலை அடிவாரத்துல போய் முட்டி நிக்கும். மலைக்கு மேல இருக்கறது நாமக்கல் மாவட்டம், கீழ இருக்கற சோலை திருச்சி மாவட்டம். மேல இருந்து இறங்கி வர்ற அய்யாறு, பாறைக்கு நடுவுல சலசலன்னு ஓடும். தை மாசம் தண்ணி ஐஸ் மாதிரி. புள்ளைங்க இறங்கினா ஏறாது.

அங்க என் போனுல சிக்னல் சுத்தமா இல்ல. மூணு மணி நேரம் போன் நினைப்பே இல்லாம பாறையில சாஞ்சு கிடந்தேன். அப்படி இருந்து எத்தனை வருஷமாச்சோ!

புளிசோறு மூட்டையைப் பிரிக்கறதுக்கு முன்னாடி, கார்ல இருந்த தண்ணி கேனை எடுக்கலாம்னு மேல வந்தேன். கடைங்க இருக்கற இடத்துல போன் உயிர் வந்து கதற ஆரம்பிச்சுது. பதினோரு மிஸ்டு கால். எல்லாம் மில்லுல இருந்து.

"தம்பி, காலையில பதினோரு மணியில இருந்து எதுவும் ஏற மாட்டேங்குது. வண்டி வரிசையா நிக்குது." சம்பா அறுவடை நேரம். வருஷத்துல மில் மூச்சு விடாம ஓடற மாசம்.

என்ன ஆச்சுன்னு எனக்குப் பார்க்காமலே தெரிஞ்சு போச்சு. பொங்கலுக்கு முன்னாடி எடைச் சீட்டு பிரிண்ட் ஆகறதுல ஒரு கோளாறு. அதைக் கண்டுபிடிக்கறதுக்காக, நடக்கறது ஒண்ணு விடாம லாக்ல எழுதுன்னு மென்பொருளுக்குச் சொல்லி வச்சிருந்தேன். கோளாறு சரியாச்சு. லாக்கை நிறுத்த மறந்துட்டேன். அது எழுதி எழுதி வட்டு பூராவும் ரொம்பிடுச்சு. இடம் இல்லேன்னா டேட்டாபேஸ் எப்படி எழுதும்? அவ்வ்வ்வ்...

உள்ள போய் ஒரு பழைய லாக் கோப்பை அழிச்சா அஞ்சு நிமிஷ வேலை. ஆனா உள்ள போற சாவி, அதான் எஸ்எஸ்ஹெச் கீ, வீட்டு லேப்டாப்ல. பாஸ்வேர்டு போட்டு நுழையற வழியைப் பாதுகாப்புன்னு நானே அடைச்சு வச்சிருந்தேன். கையில இருந்தது வாடகைக் கம்பெனியோட கட்டுப்பாட்டுப் பக்கம் மட்டும்தான். அதுவும் ஒரு கோடு சிக்னல்ல, நாலு இன்ச் திரையில.

முதல்ல ரீபூட் அமுக்கினேன். வட்டு ரொம்பினது ரொம்பினபடிதான இருக்கும்? எழுந்து வந்து மறுபடி படுத்துடுச்சு. அந்தப் பக்கம் வண்டிக்காரங்க சத்தம் போன்ல கேக்குது. இந்தப் பக்கம் பையன் "அப்பா பசிக்குது"ன்னு சட்டையை இழுக்கறான். கண்ணுல ஒரு பட்டன் பட்டுச்சு. "ஸ்னாப்ஷாட்டில் இருந்து மீட்டெடு." ஒன்பது நாளைக்கு முந்தி எடுத்து வச்ச ஸ்னாப்ஷாட். லாக் பெருக்கறதுக்கு முன்னாடி எடுத்தது. இப்போ வட்டுல இருக்கறது அழிஞ்சிடும், சம்மதமான்னு கேட்டுச்சு.

சம்மதம்னு அமுக்கினேன். நிஜமாவே அமுக்கினேன். இப்பவும் அந்தத் திரை அப்பப்போ கனவுல வருது.

பத்து நிமிஷத்துல மெஷின் எழுந்துடுச்சு. "தம்பி, ஏறுது தம்பி!"ன்னு ஐயா குரல்ல சந்தோஷம். நானும் ஏதோ மலையைப் புடுங்கினவன் மாதிரி இறங்கி வந்து, நடந்ததைத் தங்கமணிகிட்ட அளந்து விட்டுக்கிட்டே ரெண்டு தட்டு புளிசோறு தின்னேன்.

சாயங்காலம் உப்பிலியபுரம் தாண்டறப்போ மறுபடி போன். இந்தத் தடவை ஐயா குரல் தணிஞ்சு இருந்துச்சு.

"தம்பி, ஒருத்தர் பாக்கி வாங்க வந்திருக்காரு. போன வாரம் 42 மூட்டை போட்டாரு. கம்ப்யூட்டர்ல அவரு பேருல ஒண்ணுமே காட்டலையே?"

வண்டியை ஓரமா நிறுத்திட்டேன். ஒன்பது நாள். பொங்கலுக்கு மூணு நாள் மில் லீவு போக, ஆறு நாள் வரவு. அத்தனை பேரு நெல்லு, அத்தனை பேரு காசு. நான் அழிச்சது கோப்பு இல்ல. ஒரு போகம் பூரா வயக்காட்டுல கிடந்து சம்பாதிச்சவங்க பாக்கி.

நேரா மண்ணச்சநல்லூருக்கு விட்டேன். வழியெல்லாம் யாரும் பேசல. மில்லுல நுழைஞ்சா அந்த விவசாயி பெஞ்சுல உக்காந்து டீ குடிச்சிட்டு இருக்காரு. பாக்கிப் பணம் ஏற்கனவே அவரு கையில. மேசை மேல அந்தச் சிவப்பு அட்டை நோட்டு விரிஞ்சு கிடக்கு.

ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஐயா வாசிக்க வாசிக்க நான் தட்டினேன். நூறு சீட்டுக்கு மேல. ஒரு வார்த்தை குத்திக் காட்டணுமே? ஊஹூம். ஒரே ஒரு இடத்துல நோட்டுல 18 மூட்டை, அந்த விவசாயி கையில இருந்த சீட்டுல 19. மாமா யோசிக்கவே இல்ல, "19ன்னே போடு மாப்ள, நம்ம தப்புக்கு அவரு ஏன் நஷ்டப்படணும்"னுட்டாரு.

இது என்னை மாதிரி அரைகுறைக்கு மட்டும் நடக்கறது இல்ல. 2021 மார்ச் 10ந்தேதி பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பர்க்ல ஓவிஹெச் கம்பெனியோட தரவு மையம் ஒண்ணு எரிஞ்சு போச்சு. பேக்கப்பையும் அதே வளாகத்துல வச்சிருந்த பல பேருக்கு ரெண்டும் சேர்ந்து சாம்பல். 2024 மே மாசம் ஆஸ்திரேலியாவுல யூனிசூப்பர்ங்கற ஓய்வூதிய நிதி. ஆறு லட்சத்துக்கும் மேல உறுப்பினர்கள். கூகுள் பக்கம் அமைக்கறப்போ ஒரு கட்டத்தை நிரப்பாம விட்டதால, ஒரு வருஷம் முடிஞ்சதும் அவங்க தனி கிளவுட் தானா அழிஞ்சு போச்சு. வேற ஒரு நிறுவனத்துல அவங்க வச்சிருந்த நகல் மீட்கறதுக்குக் கைகொடுத்துச்சு. அதாவது, அவங்ககிட்டயும் ஒரு சிவப்பு அட்டை நோட்டு இருந்துச்சு.

சரி, போன் பண்ணின நண்பருக்காக, நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது:

1. ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது. அது அதே கம்பெனியில, அதே கணக்குல இருக்கு. கணக்கு போனா, கார்டு காலாவதியாகி மெயிலைப் பார்க்காம விட்டா, அதுவும் சேர்ந்து போகும். தினம் ராத்திரி டேட்டாபேஸை எடுத்து வேற இடத்துக்கு அனுப்புங்க.

2. அனுப்பினதை மாசம் ஒரு தடவை வேற மெஷின்ல ஏத்திப் பாருங்க. ஏத்திப் பார்க்காத பேக்கப் வெறும் நம்பிக்கைதான்.

3. எதை மீட்டெடுக்கறதுக்கு முன்னாடியும் கெட்டுப் போன மெஷினை ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்க. அன்னிக்கு அது ஒண்ணு பண்ணியிருந்தா, ஒரு எடைச் சீட்டு போயிருக்காது. முடிஞ்சா பழைய ஸ்னாப்ஷாட்டை மேல ஏத்தாம, அதுல இருந்து புது மெஷின் கிளப்புங்க.

4. வட்டு எண்பது சதவீதம் ரொம்பினா போனுக்குத் தகவல் வர்ற மாதிரி வைங்க. பழைய லாக்கைத் தானா சுருட்டி அழிக்க லினக்ஸ்லயே லாக்ரொட்டேட் இருக்கு. என்னை மாதிரி தனியா லாக் எழுதினா அதையும் அதுல சேர்த்து விடுங்க.

5. மெஷினை நிறுத்தி வச்சா வாடகை நின்னுடும்னு நினைக்காதீங்க. சில இடத்துல வட்டுக்கு மட்டும் ஓடும், சில இடத்துல முழுசாவே ஓடும். படிச்சுப் பார்த்துட்டு எடுங்க.

6. சாவி இன்னொருத்தர்கிட்ட இருக்கட்டும். நீங்க புளியஞ்சோலையில இருக்கறப்போ அவரு ஊர்ல இருக்கணும்.

இப்போ மெஷின் இன்னும் ஓடுது. பேக்கப் ராத்திரி பதினோரு மணிக்கு வேற கம்பெனிக்குப் போகுது. அதுக்கு நாலு மணி நேரம் முன்னாடியே ஐயாவோட நோட்டு எழுதி முடிஞ்சிடுது. கிண்டல் பண்றதை நிறுத்திட்டேன். போன பொங்கலுக்குப் புது நோட்டு நான்தான் வாங்கிக் குடுத்தேன். சிவப்பு அட்டை கிடைக்கல, நீலம்தான் கிடைச்சுது. "பரவால்ல தம்பி, உள்ள கோடு நேரா இருந்தா போதும்"னாரு.

டிஸ்கி: புளியஞ்சோலைக்குக் கட்டாயம் போங்க. போறதுக்கு முன்னாடி வட்டுல எவ்வளவு இடம் இருக்குன்னு ஒரு தடவை பார்த்துட்டுப் போங்க. :-)