செவில் நகரில் தனியாகச் சாப்பிட ஏற்ற இடங்கள்

நம் புதுச்சேரி நண்பர்கள் பிள்ளைகளைப் பார்க்கப் பிரான்ஸ் போகும்போது, பக்கத்திலுள்ள ஸ்பெயினையும் ஒரு நடை பார்த்துவிட்டு வருகிறார்கள். போகுமுன் என்னிடம் குறிப்பு கேட்பவர்களும் உண்டு. மாதா கோயிலையும் அரண்மனையையும் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் சாப்பாட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தென் ஸ்பெயினில் அந்தலூசியாவின் தலைநகரம் செவில். அந்த ஊரார் வாயில் அது 'செவிய்யா'. மகள் அலுவலக வேலையாக ஒரு வாரம் அங்கே போனபோது என்னையும் அழைத்துப் போனாள். பகலெல்லாம் அவளுக்கு வேலை. மதியச் சாப்பாட்டை நானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் மனைவி காலமான பிறகு வெளியில் தனியாகச் சாப்பிடுவது எனக்குப் பெரிய சங்கடமாக இருந்தது. நம் ஊர் ஓட்டலில் நான்கு பேர் மேசையில் ஒருவனாக உட்கார்ந்தால், "இன்னும் யாராவது வராங்களா சார்?" என்பார்கள். கேட்பவர் மேல் தவறில்லை. ஆனால் 'இல்லை' என்று சொல்லும்போது தொண்டை அடைக்கும். அதனாலேயே பல நாள் வீட்டில் ரசம் சோற்றோடு நிறுத்திக்கொண்டேன். செவிலில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. காரணம், அங்கே பாதிப்பேர் மேசைக்கே போவதில்லை. கல்லா மேடை போல நீண்ட மரப்பலகை ஒன்று இருக்கிறது. அதன் ஓரமாக நின்றபடியே சாப்பிடுகிறார்கள். தனியாக வந்த கிழவனும் கூட்டமாக வந்த இளைஞரும் தோளோடு தோள் நிற்கிறார்கள்.

'தாப்பா' என்பது சிறு தட்டு, அதாவது நாலைந்து வாய்க்கு வரும் அளவு. அதைவிடப் பெரிது 'மேதியா ராசியோன்', அதாவது அரைப் பங்கு. முழுத் தட்டு 'ராசியோன்'. சர்க்கரை வியாதிக்காரனுக்கும் வயதானவர் வயிற்றுக்கும் தாப்பாவைப் போல வசதி வேறில்லை. இரண்டு தட்டு வாங்கினால் இரண்டு ருசி, எதுவும் வீணாவதில்லை. பள்ளியில் படித்த பிரெஞ்சும் கை கொடுத்தது. 'செல்' (உப்பு) அங்கே 'சால்', 'ஜாம்போன்' (பன்றித்தொடைக் கறி) அங்கே 'ஹாமோன்'.

முதலில் போக வேண்டியது 'எல் ரின்கோன்சியோ'. ஹெரோனா தெருவில், சாந்தா கத்தலினா கோயிலருகே இருக்கிறது. 1670இல் தொடங்கிய கடை என்கிறார்கள். மேலே ஹாமோன் தொங்கும். நமக்கு வேண்டியது அதுவல்ல, பசலைக்கீரையும் கொண்டைக்கடலையும் சேர்ந்த 'எஸ்பினாக்காஸ் கோன் கர்பான்சோஸ்'. பூண்டு, சீரகம் எல்லாம் போட்டுச் செய்வது. சீரக வாசனை மூக்கில் ஏறியதும் வீட்டு அடுப்படி நினைவு வந்துவிட்டது. இன்னொரு விசேஷம்: பரிமாறுபவர் நம் கணக்கைச் சாக்கட்டியால் அந்தப் பலகையிலேயே எழுதுகிறார். தட்டு கூடக் கூட எண்ணும் கூடும். பணம் கொடுத்ததும் துணியால் துடைத்துவிடுவார். வாழ்நாளெல்லாம் பேரேட்டோடும் வவுச்சரோடும் மல்லாடிய எனக்கு, கோப்பே இல்லாத அந்தக் கணக்குமுறையைப் பார்க்கவே பொறாமையாக இருந்தது. துடைப்பதற்குள் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன், சரியாகவே இருந்தது.

அடுத்தது, பெரிய மாதா கோயிலருகே 1850இல் தொடங்கிய 'காசா மொராலெஸ்'. ஆளுயரத்துக்கும் மேலான மண் தாழிகள் சுவரோரம் நிற்கின்றன. ஒரு காலத்தில் ஒயின் ஊற்றி வைத்தவை. குடிக்காதவர்களும் அவற்றைப் பார்க்கவே போகலாம்.

ஆற்றுக்கு அக்கரையில் திரியானா. பாலம் இறங்கியதும் சந்தை. அதன் அடியில் பழைய சான் ஹோர்ஹே கோட்டையின் இடிபாடுகள். மீன் கடைகளைப் பார்த்தால் நம் பெரிய மார்க்கெட் ஞாபகம் வரும், சத்தம்தான் கொஞ்சம் குறைவு. சந்தைக்குள்ளேயே சாப்பாட்டுக் கடைகளும் உண்டு. வறுத்த மீன் பிடித்தவர்கள் ஊரில் எங்கேயும் 'அதோபோ' கேளுங்கள். காடியிலும் பூண்டிலும் ஊறவைத்து மாவில் புரட்டி எண்ணெயில் பொரித்த மீன். புளிப்பும் மொறுமொறுப்புமாக இருக்கும்.

சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 'கார்னே வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் போதாது. சிலர் ஹாமோனைக் கறிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. தக்காளியும் ரொட்டியும் அரைத்த 'சல்மொரேஹோ' என்ற குளிர்ந்த கூழின் மேலும் ஹாமோனும் முட்டையும் தூவுவார்கள். 'சின் ஹாமோன், சின் ஊவோ' என்று முன்னமே சொல்லிவிடுங்கள். மாட்டுக்கறி தவிர்ப்பவர்கள் 'தெர்னேரா', 'கோலா தே தோரோ' என்ற பெயர்களை நினைவில் வையுங்கள். 'போயோ' என்றால் கோழி.

நேரமும் முக்கியம். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல், இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டுப் பழகிய நமக்கு மாத்திரை நேரம் இடிக்கும். மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். நான் பதினோரு மணிக்குக் காப்பியும் எண்ணெய் தடவிய ரொட்டியும் சாப்பிட்டுச் சமாளித்தேன். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், அப்போது போக வேண்டாம். வசந்தத்தில் தெருவெல்லாம் நாரத்தைப்பூ வாசனை.

இனிப்புக்கு சான் லெயாந்த்ரோ கன்னியர் மடம். முட்டை மஞ்சள் கருவும் சர்க்கரையும் சேர்த்த 'யேமாஸ்' விற்கிறார்கள். விற்பவர் முகம் தெரியாது. சுவரில் பதித்த மரச் சுழல்பெட்டியில் பணத்தை வைத்தால், சுற்றி வரும்போது இனிப்பு இருக்கும். எனக்குச் சர்க்கரை ஆகாது; பேரப்பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி வாங்கினேன்.

துணையை இழந்த நண்பர்களுக்குத்தான் இதை முக்கியமாக எழுதுகிறேன். மகனோ மகளோ 'அப்பா, ஓட்டல் அறையிலேயே இருங்கள், சாப்பாடு வரவழைத்துத் தருகிறோம்' என்றால் கேட்காதீர்கள். கைத்தடியை எடுத்துக்கொண்டு இறங்குங்கள். மரப்பலகையோரம் ஓர் ஆள் நிற்க எப்போதும் இடம் இருக்கும். முதலில் கீரையும் கடலையும் சொல்லுங்கள்.