காணியும் கருவியும்

ஆறுகாணி, பத்துகாணி. நெய்யாற்றின்கரை, பாறசாலை ஊர்களுக்குக் கிழக்கே, கேரள எல்லையை ஒட்டிக் கிடக்கும் குமரி மாவட்டச் சிற்றூர்கள் இவை. தமிழில் காணி என்பது நிலம். நிலத்தின் மேலுள்ள உரிமையும் அதுவே. எல்லைக்கு அப்பால் அம்பூரி மலைகளில் அச்சொல் ஒரு பழங்குடியின் பெயராகிவிடுகிறது. மொழியியல் மாணவர் எவரும் இந்த ஒற்றுமையைக் கண்டு சற்று நின்றுதான் போவார்.

இத்தகைய மலைநிலங்களை அளக்கவே கையடக்க ஜி.பி.எஸ். கருவி பயன்படுகிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வந்த பிறகு அதன் தேவை பெருகிற்று. அதன் பயனைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. அமெரிக்க அரசு வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழையை 2000 மே மாதத்தில் நீக்கியதும், நூறு மீட்டர் வரை இருந்த தவறு திறந்த வெளியில் பத்து மீட்டர் அளவுக்குச் சுருங்கியது. முன்பு குறித்த மாதிரிப் பரப்பை அடுத்த ஆண்டு மீண்டும் கண்டடையவும், மூடுபனியில் வந்த வழியே திரும்பவும் அதைவிட எளிய துணை இல்லை.

இடர் தொடங்குவது மரக்கூரையின் கீழ். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் மெல்லிய அலை, ஈர இலைகளில் நலிந்து, அடிமரங்களிலும் பாறைச்சரிவிலும் பட்டுத் தெறித்துப் பிந்தி வருகிறது. பள்ளத்தாக்கிலோ வானமே பாதிதான் தெரியும். காட்டைக் குறிக்க ஐந்து மீட்டர்ப் பிழை பொருட்டன்று. அரை ஏக்கர் நிலமோ பக்கத்துக்கு 45 மீட்டர்தான். நான்கு பக்கமும் ஐந்து மீட்டர் உள்வாங்கினால் 2,025 சதுர மீட்டர் 1,225 ஆகிவிடும். இது மிகக் கேடான நிலைதான். ஆயினும் பட்டாவில் ஏறுவது அந்த எண்ணே.

ஒவ்வொரு மூலையிலும் சில நிமிடம் நின்று சராசரி எடுத்தால் பிழை ஓரளவு குறையும். ஒரே நாளில் பல நிலங்களை அளந்து முடிக்க வேண்டியவருக்கு அவ்வளவு பொழுது வாய்ப்பதில்லை.

சட்டவிதிகள் இதை அறிந்தே எழுதப்பட்டுள்ளன. முதியோரின் எழுத்துவடிவ வாக்குமூலமும், கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் போன்ற அடையாளங்களும் சான்றாகும். செயற்கைக்கோள் படம் போன்ற தொழில்நுட்பம் பிற சான்றுகளுக்குத் துணையாகலாமேயன்றி அவற்றை நீக்கித் தானே ஒரே சான்றாகக் கூடாது என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது.

மூலைப்புள்ளிக்குக் கருவி தானாக இடும் பெயர் 001. அதை அழித்து, அங்கு நிற்கும் பலாவின் பெயரையோ ஓடையின் பெயரையோ, உடன்வரும் காணி முதியவர் சொல்லும் சொல்லிலேயே எழுதலாம். அதற்குக் கருவியில் இடமுண்டு.