கொழுக்கட்டைப் புல்லைப் பிடுங்கும் ஊர்

அரிசோனாவின் டூசான் நகரில், ஜூன் மாத வெயிலில், கருவேலங்காய் நிறைந்த வாளிகளோடு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். இழுவண்டியில் ஏற்றிய அரவை இயந்திரம் ஒன்று தடதடத்துக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் காய் போனது, மறுபக்கம் வெளிர் மஞ்சள் மாவாக விழுந்தது. பக்கத்திலேயே அடுப்பு மூட்டி அந்த மாவில் அப்பம் சுட்டுக் கொடுத்தார்கள்.

நான் காங்கயம் பக்கத்துக்காரன். வளைந்து நெளிந்த அந்த மஞ்சள் காயை எங்கே கண்டாலும் எனக்கு அடையாளம் தெரியும். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் சீமைக் கருவேலங்காய். ஆடு மாடு தின்று சாணியிலும் புழுக்கையிலும் விதையைப் போட்டு, எங்கள் மேய்ச்சல் நிலமான கொறங்காடு முழுக்க முளைக்க வைக்கிற சனியன். வெட்டினால் அடுத்த மழைக்கே அடிக்கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். முள் ஏறினால் கால் வீங்கிப் படுக்க வேண்டியதுதான். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் இந்த மரத்தை அகற்றச் சொன்ன காலத்தில், பொக்லைன் எந்திரத்துக்கு முன்னால் நடந்து இடம் காட்டியவர்களில் நானும் ஒருவன். அந்த என் கையில், எழுபதைத் தாண்டிய அமெரிக்கத் தன்னார்வலர் ஒருவர் ஒரு காயைக் கொடுத்து, கடித்துப் பார்க்கச் சொன்னார்.

"அம்மிணி, இதை மனுசன் தின்பானா?" என்று மகளிடம் கேட்டேன். அவள் படிக்கிற ஊர் அது.

"குடும்பம் ஒண்ணுதானுங்கப்பா, மரம் வேற. சும்மா வாயில வெச்சுப் பாருங்க."

கடித்தேன். விதை கல்லாக இருந்தது. தோலும் அதன் உட்சதையும் கருப்பட்டியை வறுத்த மாதிரி இனித்தன. நான் வெட்கமில்லாமல் இரண்டாவது காயை எடுத்தேன்.

டூசானைச் சுற்றியுள்ள சொனோரா பாலைவனத்தின் சொந்த மரம் வெல்வெட் மெஸ்கீட். எங்கள் ஊருக்கு வந்தது அதன் நெருங்கிய உறவு. மெக்சிகோவிலிருந்து தென்னமெரிக்காவின் வடபகுதி வரை அதற்குத் தாய்மண். விறகுக்கென்றும் வறண்ட நிலத்துக்கென்றும் 1877இல் விதையாக இந்தியாவுக்குள் நுழைந்தது. இன்று ராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் அதைக் கரியாக்கி எத்தனையோ குடும்பங்கள் அடுப்பெரிக்கின்றன. ஆனால் அதன் காயை மாவாக்கித் தின்கிற வீடு ஒன்றையும் நான் நம் பக்கம் கண்டதில்லை.

டூசானில் இந்த அரவையை ஊர்த் திருவிழாவாக வளர்த்தவர்கள் டெசர்ட் ஹார்வெஸ்டர்ஸ் என்ற உள்ளூர்க் குழுவினர். அவர்கள் சொல்கிற விதிகள் ஒரு நல்ல விவசாயி சொல்வதைப் போலவே இருந்தன. ஒவ்வொரு மரத்திலும் ஒரு காயைச் சுவைத்துப் பார்த்த பிறகே பறிக்க வேண்டும். ஒரே தெருவில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மரங்களில் ஒன்று இனிக்கும், மற்றது நாக்கைக் கசக்க வைக்கும். கீழே கிடப்பதைப் பொறுக்கக் கூடாது, கிளையிலிருந்துதான் எடுக்க வேண்டும். பருவமழை தொடங்குவதற்கு முன் பறித்துவிட வேண்டும், ஏனென்றால் நனைந்த காயில் பூஞ்சை நஞ்சு ஏறும். நிலக்கடலை போடும் நம்மவர்கள் பயப்படுகிற அதே அஃப்ளடாக்சின்தான். காயில் சிறு துளை இருந்தால் கவலை வேண்டாம், உள்ளே இருந்த வண்டு வெளியேறிவிட்டது என்று அர்த்தம். இயந்திரத்துக்குப் போகும் முன் ஒவ்வொரு வாளியையும் மேசையில் கொட்டி, கல்லும் கறுத்த காயும் பொறுக்கி எடுத்தார்கள். அந்தப் பாலைவனத்தின் பூர்வகுடிகளான தோஹோனோ ஓதாம் மக்களுக்கு இந்த மாவு புதிதல்ல, தலைமுறை தலைமுறையாக அவர்கள் உண்டது. ஊரின் தென்கோடியில் அவர்களுடைய சான் சேவியர் கூட்டுறவுப் பண்ணை இன்றும் அதை விற்கிறது. 2015இல் யுனெஸ்கோ டூசானை உணவுக்கலை நகரமாக அறிவித்தது. அமெரிக்காவில் அந்தப் பெயரைப் பெற்ற முதல் ஊர் இது. அதற்கு இந்தப் பழைய உணவுகளும் ஒரு காரணம்.

அப்பத்தின் மேல் சிவந்த பாகு ஊற்றினார்கள். சப்பாத்திக் கள்ளிப் பழத்துப் பாகு. அதன் உறவுச் செடியும் நம் நிலத்தில் காடாக மண்டியதுதான். 1920களில் பூச்சியைக் கொண்டுவந்து விட்டுத்தான் அதைத் தென்னிந்தியாவில் அடக்கினார்கள். நம்மை வாட்டிய இரண்டு தாவரங்களின் உறவுகள் ஒரே தட்டில், தத்தம் சொந்த ஊரில், மரியாதையோடு பரிமாறப்பட்டதைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. தம் மண்ணில் முளைப்பதைத் தின்னத் தெரிந்த ஊராக அது எனக்குத் தோன்றியது.

அரவை முடிந்ததும் மகள் டன்பார் ஸ்பிரிங் என்ற குடியிருப்புக்குள் என்னை நடத்திக் கூட்டிப் போனாள். வருடம் முழுக்க 300 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெய்கிற ஊர். தெருவோரக் கல்லில் சிறு வெட்டு விட்டு, சாலையில் ஓடும் மழைநீரைக் குழிக்குள் திருப்பி, குழிக்குள் மெஸ்கீட் மரங்களை வளர்த்திருக்கிறார்கள். பிராட் லங்காஸ்டர் என்பவர் தன் வீட்டு வாசலில் இப்படி வெட்டத் தொடங்கிய காலத்தில் அது சட்டப்படி குற்றம். பிறகு நகராட்சியே அனுமதித்தது. குழாய்த் தண்ணீர் இல்லாமல் நிற்கும் மரங்களின் நிழல் தெருவை மூடியிருந்தது. டூசான் அருகே ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் 53 மீட்டர் ஆழத்தில் உயிருள்ள மெஸ்கீட் வேரைக் கண்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் இதைக் கேட்டால் "கிணற்றுத் தண்ணியை உறிஞ்சுது பாரு" என்று திட்டுவோம். அங்கே அது பாலைவனத்தில் பிழைக்கத் தெரிந்த மரத்தின் பெருமை.

அந்த உற்சாகத்தோடுதான் மறுநாள் விடியற்காலையில் டூமமோக் குன்றில் தாவர நடைக்குப் போனேன். 1903இல் கார்னகி நிறுவனம் பாலைவன ஆய்வகம் அமைத்த குன்று. நூறு ஆண்டுகளுக்கு மேலாக வேலி போட்டு மேய்ச்சலை நிறுத்தியிருக்கிறார்கள். சரிவெங்கும் தூண் தூணாக சவாரோ கள்ளிகள். வழிகாட்டிய இளைஞர் ஒரு புல் தூரின் முன் நின்று, "இந்தப் பாலைவனத்தின் மோசமான எதிரி இதுதான்" என்றார்.

குனிந்து பார்த்தேன். கதிரைத் தடவிப் பார்த்தேன். கொழுக்கட்டைப் புல்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் கொறங்காட்டின் உயிரே அந்தப் புல்தான். முள்ளுக்கிளுவை வேலி, இடையிடையே வெள்வேல் மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல், அதில் மேயும் மயிலைக் காளையும் செம்மறியும். உழாமல் விட்டு, மாட்டை மாற்றி மாற்றி மேய்த்து, தலைமுறைகளாகக் காத்த நிலம். என் அப்பாரு மழைக்கு முன் அதன் விதையைக் கையால் தூவுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். காங்கயம் மாட்டின் எலும்பும் திமிலும் அந்தப் புல்லில் விளைந்தவை என்றேன். எதிரி என்று சொல்லாதீர்கள் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. மகள் என் முழங்கையைப் பிடித்தாள்.

இளைஞர் கோபப்படவில்லை. "உங்கள் ஊரில் இதை யார் தின்கிறார்கள்?" என்று கேட்டார்.

"மாடு, எருமை, ஆடு."

"இந்தக் குன்றில் யாரும் தின்பதில்லை. காய்ந்து நிற்கிறது. அப்புறம் தீப்பிடிக்கிறது."

பிறகு அவர் விளக்கியது எனக்கு மறக்காது. பாலைவனச் செடிகள் ஒன்றுக்கொன்று இடம் விட்டு வளர்பவை. நடுவில் வெறும் மண் கிடப்பதால் ஒன்றில் பிடித்த தீ மற்றதற்குத் தாவாது. ஆகவே சவாரோவுக்குத் தீயைத் தாங்கும் உடல் வாய்க்கவில்லை. இந்தப் புல் அந்த இடைவெளிகளை அடைத்துவிடுகிறது. எரிந்தால் கடும் சூட்டோடு எரிகிறது, வேரிலிருந்து முதலில் எழுவதும் அதுவே. சவாரோ முதல் கிளை விடவே ஐம்பது வருடத்துக்கு மேலாகும், ஒரு தீயில் அத்தனையும் போய்விடும். ஒரு பாலோ வெர்டே மரத்தடியைக் காட்டினார். அதன் நிழலில் விரல் உயரத்தில் ஒரு சவாரோ குஞ்சு. வெயிலிலிருந்தும் குளிரிலிருந்தும் தாய்போல் காக்கிற மரம் இல்லாமல் அந்தக் கள்ளி பிழைப்பது அரிது. மெஸ்கீட்டும் அப்படி ஒரு தாய்மரம்தான். புல் தூர் அந்தக் குஞ்சுக்கு இரண்டடி தள்ளி நின்றது.

"இதைக் கொண்டுவந்து போட்டது யார்?" என்று கேட்டேன். தீவனத்துக்கும் மண் அரிப்பைத் தடுக்கவும் 1930களில் அரசின் மண்வளத் துறையே விதைத்தது என்றார். நல்லெண்ணத்தோடு வந்த சீமைக் கருவேலத்தின் கதையேதான். குழுவில் இருந்த ஒரு வயதான பண்ணைக்காரர் அப்போது குறுக்கிட்டார். ஊருக்குத் தெற்கே தன் புல்வெளியில் மெஸ்கீட்தான் தொல்லை என்றார். மாடுகள் அளவுக்கு மீறிப் பெருகி, காயைத் தின்று, சாணியில் விதையைப் பரப்பி, புல்லாய்க் கிடந்த நிலத்தை அதன் சொந்த மரமே புதராக்கிவிட்டது. சொந்த மண்ணிலேயே ஒரு மரம் எல்லை மீறலாம், மாட்டை நாம் எல்லை மீறி விட்டால்.

தன்னார்வலர்கள் குளிர்மாதங்களில் கடப்பாரையோடு கூட்டம் கூட்டமாக வந்து இந்தப் புல்லைத் தோண்டி எடுக்கிறார்கள். அன்று இளைஞர் கையிலும் ஒரு கடப்பாரை இருந்தது. நான் அதைக் கேட்டு வாங்கினேன். எங்கள் அப்பாரு விதைத்த புல்லை, சவாரோ குஞ்சுக்குப் பக்கத்திலிருந்து, வேரோடு பெயர்த்தேன். மனம் கனத்தது. ஆனாலும் அதைச் செய்தது சரி என்று முழுமனத்தோடு சொல்வேன்.

நாட்டுத் தாவரத்தை நேசிப்பது என்றால், ஒரு செடியை நல்லது கெட்டது என்று முத்திரை குத்துவதல்ல என்பது அந்தக் குன்றில் எனக்குத் திடமாயிற்று. அதை யார் தின்கிறார்கள், அது யாருக்கு நிழல், எரிந்தால் யார் சாவார்கள் என்று அந்தந்த மண்ணில் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் நேசம். அந்தக் கணக்கு பார்த்தால் என் கொறங்காட்டில் சீமைக் கருவேலம் போகத்தான் வேண்டும். அதில் எனக்கு எள்ளளவும் மாற்றுக்கருத்தில்லை.

ஆனால் நாம் பாதி வேலையைத்தான் செய்கிறோம். கொடுவாளும் பொக்லைனும் வந்தன, அந்த இடத்துக்கு உரியதைத் திரும்பக் கொண்டுவர யாரும் வரவில்லை. வெட்டிய நிலம் வெறுமனே கிடந்தது, அடுத்த மழைக்கு அதே மரம் முளைத்தது. டூசான்காரர்கள் பிடுங்குவதோடு நிற்கவில்லை. பறிக்கக் கற்றுக் கொடுத்தார்கள், அரைத்தார்கள், சுட்டுத் தின்னக் கொடுத்தார்கள், மழைநீரைத் திருப்பி வாசலிலேயே நட்டார்கள். அங்கே ஒரு மரத்தை வெட்ட வந்தால் தெருவே எழுந்து நிற்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம்மால் முடியாததில்லை. சென்னையில் நிழல் அமைப்பினர் மர நடைகள் நடத்துகிறார்கள். கொங்கு மண்ணில் கொறங்காட்டு நடை ஏன் கூடாது? பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போய், இது முள்ளுக்கிளுவை, போத்து ஊன்றினாலே வேலியாகும், இது வெள்வேல், இதன் காய் வெயில் காலத்து ஆட்டுத் தீவனம் என்று தொட்டுக் காட்டுவோம். வேலியோரத்துப் பிரண்டையில் துவையல் அரைத்து, கோவைக்காய் பொரித்து, பண்ணைக்கீரை கடைந்து, வந்தவர்கள் எல்லோருக்கும் மரத்தடியில் சோறு போடுவோம். அன்றைக்கே சீமைக் கருவேலத்தை வேரோடு எடுத்த குழியில் வெள்வேல் விதையும், சுற்றிலும் கொழுக்கட்டைப் புல் விதையும் போடுவோம். மழைக்கு முன் நாள் குறித்து, ஊருக்கு ஊர் ஒரு கொறங்காட்டில் இதைத் தொடங்கலாம். என் நிலத்தை முதலில் தருகிறேன்.