வினாடிக்கு எத்தனை படம்?

ஹெர்ட்ஸ் என்ற சொல் நம் தலைமுறைக்குப் புதிதல்ல. வீட்டுக்கு வரும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப் லைட் வினாடிக்கு 100 தடவை மினுக்கும், நமக்குத் தெரியாது. பிரெஞ்சுப் பள்ளியில் நான் படித்த லூமியேர் சகோதரர்கள் 1895-ல் பாரீசில் காட்டிய சினிமா, வினாடிக்குச் சுமார் 16 படங்கள். பேசும்படம் வந்தபின் அது 24 ஆனது. நாம் டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்ததெல்லாம் அந்த 24-தான். யாரும் குறை சொல்லவில்லை.

என் பேரனுக்கு 240 வேண்டுமாம்! கேம் விளையாடும் மானிட்டர்.

"சினிமாவுக்கு 24 போதும்னா உனக்கு எதுக்குடா அதில் பத்து மடங்கு?" என்றேன்.

"சினிமாவை நீங்க சும்மா பாக்கறீங்க தாத்தா. இதுல நான் மவுசை நகர்த்தினா படம் உடனே நகரணும்" என்றான்.

நியாயமான பதில். காகிதத்தில் கணக்குப் போட்டேன். 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 16.7 மில்லி வினாடி. 144-ல் சுமார் 7. 240-ல் சுமார் 4. அதாவது 60-லிருந்து 144-க்குப் போனால் கிட்டத்தட்ட 10 மிச்சம். அதற்கு மேல் 240-க்குப் போனால் மிச்சம் மூன்றுகூட இல்லை. விலை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

இன்னொன்று. படத்தை உண்டாக்குவது மானிட்டர் இல்லை, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு. அவன் கம்ப்யூட்டர் வினாடிக்கு எத்தனை படம் தருகிறது என்று காட்டச் சொன்னேன். 110 முதல் 130 வரை ஓடியது. ஆழாக்கு அரிசி பொங்க அண்டா எதற்கு?

என் மகளுக்கு இந்தச் செலவே பிடிக்கவில்லை. "படிக்கிற பையனுக்கு இது தேவையாப்பா?" என்றாள். 2023-ல் சீனாவில் ஹாங்சோ ஆசிய விளையாட்டிலேயே இதற்குப் பதக்கம் கொடுத்தார்கள், இந்தியாவிலிருந்தும் போய் ஆடினார்கள் என்றேன். அவள் சமாதானமாகவில்லை. கடைசியில் ராத்திரி பத்து மணிக்கு மேல் விளையாட்டு இல்லை என்று பேரன் ஒப்புக்கொண்ட பிறகுதான் தலையசைத்தாள்.

144 ஹெர்ட்ஸ் வாங்கினோம். கார்டு தரும் வேகத்துக்குத் தக்கபடி தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வசதி உள்ளது. மிச்சப் பணத்தில் ஒரு யு.பி.எஸ். நம் ஊர் கரண்டுக்கு அதுதான் முதல் தேவை.

வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். மாட்டியதும் விண்டோஸ் செட்டிங்கில் டிஸ்பிளே பகுதிக்குப் போய்ப் பாருங்கள். பல சமயம் 60-லேயே நிற்கும், நாம்தான் 144-க்கு மாற்ற வேண்டும். பழைய கேபிளைச் செருகாமல், பெட்டியோடு வந்த கேபிளையே செருகுங்கள்.

பேரப்பிள்ளைகள் செஸ் மட்டும் ஆடுபவர்களா? 60 தாராளம். ஒரு காய் நகர்த்த ஐந்து நிமிடம் யோசிக்கும் ஆட்டத்துக்கு மில்லி வினாடி எதற்கு?