தாராவியிலிருந்து காக்கிக்கு

மகாராஷ்டிரக் காவல்துறைக்கு ஆளெடுப்பதைத் மும்பை தாராவியின் தமிழ்ப் பிள்ளைகள் ‘போலீஸ் பர்த்தி’ என்றுதான் சொல்கிறார்கள். கான்ஸ்டபிள் பணிக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். பொதுப்பிரிவினருக்கு வயது 18 முதல் 28 வரை. ஆண்களுக்கு 165 செ.மீ., பெண்களுக்கு 155 செ.மீ. உயரம் வேண்டும். தொடக்க அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய், அதற்குமேல் படிகள். தோல் பட்டறையிலும் தையல் கூடத்திலும் தினக்கூலி வாங்கும் அப்பாவுக்கு, மாதம் தவறாமல் வரும் இந்தப் பணம் பெரிய ஆறுதல். 2024-இல் ஓட்டுநர், சிறைக்காவலர் இடங்களும் சேர்த்து மாநிலம் முழுவதும் 17,471 பேரை எடுக்க அறிவிப்பு வந்தது. விண்ணப்பித்தவர்கள் 17 லட்சத்துக்கும் மேல்.

முதலில் வருவது ‘கிரவுண்ட்’, அதாவது உடல்தகுதித் தேர்வு. அதற்கு 50 மதிப்பெண். ஆண்கள் 1,600 மீட்டர் ஓட வேண்டும். 5 நிமிடம் 10 நொடிக்குள் முடித்தால்தான் முழு 20 மதிப்பெண்ணும் கிடைக்கும். பிறகு 100 மீட்டர் ஓட்டம், 7.26 கிலோ குண்டு எறிதல். பெண்களுக்கு ஓட்டம் 800 மீட்டர், குண்டு 4 கிலோ. பத்துக்குப் பத்து அறையில் ஐந்தாறு பேர் படுக்கும் வீட்டிலிருந்து, பொழுது விடியுமுன் எழுந்து சிவாஜி பார்க்குக்கோ மாட்டுங்கா ஃபைவ் கார்டனுக்கோ ஓடப் போவதே பாதித் தேர்வு. 2023 பிப்ரவரியில் கலீனா மைதானத்தில் இந்த ஓட்டத்தை முடித்த இளைஞர்கள் சிலர் மயங்கி விழுந்து இறந்தார்கள். அறிவிப்பு வந்த பிறகு அவசர அவசரமாக ஓடிப் பழகுவது ஆபத்து. ஓராண்டாவது முன்னதாகத் தொடங்க வேண்டும். மருத்துவரிடம் ஒருமுறை இதயத்தைக் காட்டிக்கொள்வதும் நல்லது.

தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலும் இடறுவது ஓட்டத்தில் அல்ல, எழுத்துத் தேர்வில். 90 நிமிடம், 100 மதிப்பெண், எல்லாம் மராத்தியில். கணக்கும் பொது அறிவும் ஒருவாறு வந்துவிடும். மராத்தி இலக்கணம் வராது. சந்தையில் பேரம் பேசுகிற மராத்தி கையில் இருந்தாலும், தாளில் சமாசமும் (தொகை) விபக்தியும் (வேற்றுமை) கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. ஆங்கில வழியில் படித்துவிட்டு நண்பர்களோடு பம்பாய் இந்தியில் பேசி வளர்கிறவர்கள் இதை உணர்வதற்குள் இருபது வயது கடந்துவிடுகிறது. எட்டாம் வகுப்பிலேயே மராத்தியைத் தேர்ச்சிக்கான பாடமாக மட்டும் பார்க்காமல் பிழைப்புக்கான மொழியாகப் படித்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

அடுத்தது காகிதம். டொமிசைல் (இருப்பிட) சான்றிதழுக்கு மாநிலத்தில் 15 ஆண்டு வசித்ததற்கான ஆதாரம் கேட்பார்கள். இங்கேயே பிறந்து படித்தவர்களுக்கு அது பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் சாதிச் சான்றில் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஆதிதிராவிடர் குடும்பத்துப் பிள்ளைக்கு ஊரில் உள்ள இடஒதுக்கீடு மும்பையில் தானாக வந்துவிடாது. 10 ஆகஸ்ட் 1950 என்ற தேதியில் குடும்பம் எந்த மாநிலத்தில் இருந்தது என்பதே கணக்கு. ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியினர் இன்னொரு மாநிலத்து அரசு வேலையில் அந்த ஒதுக்கீட்டைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் பீர் சிங் வழக்கில் உறுதிசெய்தது. மூன்று தலைமுறையாகத் தாராவிச் சேற்றில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் பொதுப்பிரிவில் போட்டியிட நேர்வது பெரும் அநீதி. ஆனாலும் இன்றைய சட்டம் இதுதான். தெரிந்துகொண்டு இறங்குவதே புத்தி.

தெருச் சண்டையில் எஃப்.ஐ.ஆரில் பெயர் ஏறியவர்கள் அதை மறைக்கவே கூடாது. இளவயதில் நடந்த சிறு குற்றத்தை அதிகாரிகள் பொறுத்துக்கொள்ள இடமுண்டு; படிவத்தில் மறைத்தால் வேலையே போகலாம். 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இது.

வேலை கிடைத்த பிறகு என்ன என்று யோசிப்பவர்கள் குறைவு. விநாயகர் விசர்ஜனத்தின்போது ஊரே கடற்கரையில் ஆடும், கான்ஸ்டபிள் மட்டும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடியவிடிய நிற்பார். பன்னிரண்டு மணி நேர வேலை பல காலம் எழுதாத விதியாக இருந்தது. 2016-இல் செம்பூரை ஒட்டிய தேவ்னார் காவல் நிலையத்தில்தான் எட்டு மணி நேர முறை சோதனையாகத் தொடங்கியது. அந்த யோசனையைச் சொன்னவரே ஒரு கான்ஸ்டபிள் என்பது பெருமைக்குரியது. உயிருக்கான ஆபத்தும் உண்மையானது. 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதல் இரவில் கிர்காவ் சௌபாட்டியில், கையில் லத்தியோடு பயங்கரவாதி கசாபின் துப்பாக்கியைப் பற்றிக்கொண்டு உயிர்விட்ட துக்காராம் ஓம்ப்ளே உதவி சப்-இன்ஸ்பெக்டர்தான்.

தாராவித் தமிழரிடம் காக்கி மீது ஒரு தயக்கம் உண்டு. 1980-களில் நிழலுலகத் தலைவர் வரதராஜன் காலத்தில் மாட்டுங்காவிலும் தாராவியிலும் நடந்த போலீஸ் வேட்டைகளில் தமிழன் என்றாலே சந்தேகத்துக்கு உரியவன் என்றிருந்தது. 1992-93 கலவரம் இன்னும் ஆறாத காயம். அதை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் காவல்துறையின் ஒருதலைப்பட்சத்தைக் கண்டித்து எழுதியது. அதன்பிறகு மொகல்லா (குடியிருப்புப் பகுதி) கமிட்டிகளில் போலீசாரும் குடிமக்களும் ஒன்றாக உட்கார்ந்ததும் இதே தாராவியில்தான். 2009-இல் கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தமிழரான டி. சிவானந்தன் மும்பை நகரக் காவல் ஆணையரானார். ஐ.பி.எஸ். வழியாக உச்சிக்குப் போவது ஒன்று. போலீஸ் சௌக்கியில் மேசைக்கு அந்தப் பக்கம் தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருப்பது வேறு. அப்படி ஒருவர் இருந்தால், குடித்துவிட்டு அடிக்கும் கணவன் மீது புகார் கொடுக்க வரும் அம்மா, உடைந்த இந்தியில் திணறாமல் நடந்ததை நடந்தபடி சொல்ல முடியும்.

நிரந்தர வேலை மட்டும்தான் நோக்கம் என்றால் ரயில்வேயும் வங்கியும் இதைவிடச் சுகமானவை. பக்கத்து வீட்டுப் பையன் மீதே வழக்குப் பதிய நேர்ந்தாலும் கை நடுங்காது, ஆனால் அவனை அடிக்கவும் கை ஓங்காது என்று தன்னைப் பற்றி நம்பக்கூடியவர்கள் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. மகளை அனுப்பத் தயங்கும் பெற்றோர், முடிவெடுக்கும் முன் ஒருநாள் பெண் காவலர் ஒருவரோடு உட்கார்ந்து பேசிப் பார்க்க வேண்டும்.