தூவியும் ஈரமும்

இமயமலைக்கு டிரெக்கிங் போகப்போகிறேன் என்று யாராவது சொன்னால், கொஞ்ச நாளில் ஒரு கேள்வியோடு வந்து நிற்பார்கள் என்பது நிச்சயம். ஸ்லீப்பிங் பேக் டவுனா, சிந்தெடிக்கா? இரண்டில் எது அதிகம் சூடு தரும்? அக்கா மகனும் அதையேதான் கேட்டான். இரண்டுமே சூடு தராது என்றேன். "விளையாடாதீங்க மாமா" என்றான்.

விளையாட்டில்லை. பைக்குள் அடுப்பு எதுவும் கிடையாது. சூடு நம் உடம்புடையது. அது வெளியே ஓடிவிடாமல் நம்மைச் சுற்றி அசையாத காற்றைப் பிடித்து வைப்பது மட்டும்தான் பையின் வேலை. பை எவ்வளவு உப்பி நிற்கிறதோ அவ்வளவு காற்று, அவ்வளவு கதகதப்பு. எதை அடைத்து அதை உப்ப வைக்கிறார்கள், அந்த உப்பல் எப்போது அமுங்கிப் போகும் என்பதில்தான் விவகாரமே இருக்கிறது.

டவுன் என்பது வாத்துகளின் நெஞ்சுப் பக்கத்தில், இறகுகளுக்கு அடியில் இருக்கும் தூவி. இறகுக்கு நடுவே காம்பு ஓடும். தூவிக்கு அது கிடையாது. ஒரே புள்ளியிலிருந்து நாலாபக்கமும் மெல்லிய இழைகள் விரிந்து நிற்கும். ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பேசக்கூட முடியாது, மூச்சுப் பட்டதும் பறந்துவிடும். பைகளில் 650, 800 என்று பெருமையாக அச்சடித்திருக்கும் எண், ஒரு அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலத்துக்கு உப்பும் என்பதன் கணக்கு. 800 என்றால் 28 கிராம் தூவி சுமார் 13 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடம் ஒன்று கிட்டத்தட்ட நிரம்பிவிடும். பாலியெஸ்டர் இழை இந்த வித்தையில் தூவிக்குப் பக்கத்தில்கூட வர முடியாது. அதனால்தான் பூஜ்யம் டிகிரிக்கான நல்ல டவுன் பை ஒரு கிலோவுக்குள் அடங்குகிறது. அதே குளிருக்கான சிந்தெடிக் பை ஒன்றரை, இரண்டு கிலோ என்று தோளில் உட்கார்ந்துகொள்கிறது.

தூவிப் படுக்கை நமக்கொன்றும் புதிதில்லை. வாடைக் காற்றும் மழையுமான கூதிர் இரவைச் சொல்லும் நெடுநல்வாடையில், பாண்டிமாதேவியின் கட்டிலில் அன்னத்தின் தூவி இட்ட படுக்கை வருகிறது. ஆனால் அது அரண்மனை. கூரை ஒழுகாது, படுக்கையைக் காயவைக்கப் பணிப்பெண்கள் இருந்திருப்பார்கள். தூவி அப்படிப்பட்ட இடத்துக்குப் பொருத்தமான சரக்கு.

ஏனென்றால் நனைந்தால் அது தீர்ந்தது. தண்ணீர் பட்டதும் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நனைந்த டவுன் பையை விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், பையில் தைத்திருக்கும் ஒவ்வோர் அறையிலும் ஒரு மூலையில் கருப்பாக உருண்டை உருண்டையாகத் திரண்டு கிடக்கும். மற்ற இடமெல்லாம் வெறும் துணி. காற்று இல்லை, கதகதப்பும் இல்லை. பாலியெஸ்டர் தன் எடையில் அரை சதவீத ஈரத்தைக்கூட உறிஞ்சாது. நனைந்த பையைப் பிழிந்து உதறினால் முழுதாக இல்லாவிட்டாலும் ஓரளவு உப்பும். அன்றைய ராத்திரியை நடுங்கிக்கொண்டாவது ஓட்டிவிடலாம். 1980களில் அமெரிக்க ராணுவம் நனைந்தாலும் கைவிடாத மாற்றைத் தேடியபோது உருவானதுதான் இன்று ஜாக்கெட்டுகளில் பார்க்கும் பிரைமாலாஃப்ட். நனையாதபடி ரசாயனம் பூசிய தூவியும் இப்போது வருகிறது. கொஞ்சம் தாங்கும், அதை நம்பி மழையில் படுக்க நான் தயாரில்லை.

ஆகவே அக்கா மகனிடம் நான் திருப்பிக் கேட்டது, எந்த மலை, எந்த மாதம் என்பதைத்தான். ஹம்ப்தா கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 14,000 அடி. ஆடி மாத மழையில் குலு பக்கம் ஏறினால் பச்சைப் புல், சேறு, கூடாரத்துக்குள் சொட்டும் ஈரம். கணவாயைத் தாண்டி லாஹௌல் பக்கம் இறங்கினால் மழை மறைவுப் பிரதேசம். வறண்ட பாறையும் புழுதியும். ஒரே நடையில் இந்தப் பக்கம் சிந்தெடிக் சரி, அந்தப் பக்கம் டவுன் சரி. லடாக்கின் ஜனவரியில் ஆற்றுப் பனிமேல் நடக்கிறவர்களுக்குக் கேள்வியே இல்லை, டவுன்தான். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில், மேகம் கூடாரத்துக்குள்ளேயே வந்து உட்காரும் இடங்களில், ஒரு டவுன் பையை விரிப்பது காசைக் கரைப்பது. அங்கே இருக்கும் குளிருக்கு அவ்வளவு பெரிய ஆயுதம் தேவையும் இல்லை.

மழை இல்லாத இடத்திலும் ஈரம் உண்டு என்பதைப் பலர் யோசிப்பதில்லை. அந்த ஈரம் நாமேதான். 1911-ன் அண்டார்டிக் குளிர்காலத்தில், வில்சன், பவர்ஸ், செர்ரி-கேரார்ட் என்ற மூன்று பேர் எம்பரர் பெங்குவின் முட்டைகளைத் தேடிப் போனார்கள். மான் இனமான ரெயின்டீரின் தோல் பைகள், அவற்றுக்கு ஈடர் வாத்தின் தூவியில் உள்ளுறைகள். ஐந்து வாரப் பயணத்தில் ஒரு சொட்டு மழை இல்லை. ஆனாலும் திரும்பி வந்தபோது பைகளின் எடை இரண்டு மடங்குக்கும் மேல் கூடியிருந்தது. கூடியது அத்தனையும் அவர்களுடைய வியர்வையும் மூச்சும் உறைந்த பனிக்கட்டி. நாம் அவ்வளவு தூரம் போகப்போவதில்லை. ஆனால் குளிர் தாங்காமல் முகத்தையும் பைக்குள் இழுத்துக்கொண்டு தூங்குகிறவர்கள் இதைத்தான் சின்ன அளவில் செய்கிறார்கள். தலைக்குக் குல்லாய் போட்டுக்கொண்டு மூக்கை வெளியே விடுவதுதான் முறை. மலை வழிகாட்டிகளைக் கவனித்தால் தெரியும். காலையில் வெயில் வந்ததும் முதல் வேலையாகப் பைகளை உள்புறம் வெளியே தெரியத் திருப்பிக் கூடாரத்தின் மேல் விரித்துவிடுவார்கள். வெயிலில் போட்ட இலவம்பஞ்சுத் தலையணை போல அரைமணியில் மறுபடி உப்பிக்கொண்டு நிற்கும்.

இனி சென்னைக்காரர்களுக்கே உரிய சிக்கல். பை மலையில் இருப்பது வருஷத்தில் ஒரு வாரமோ பத்து நாளோ. மீதி நாள் அது வாழ்வது நம் வீட்டு அலமாரியில், கடற்கரை ஊரின் புழுக்கத்தில். டவுன் பையை அதனுடைய சின்ன உறைக்குள் திணித்து மாதக்கணக்கில் வைத்தால் தூவி உப்பும் சக்தியை இழக்கும். லேசாக ஈரம் இருந்தாலும் பூஞ்சை பிடித்து வாடை வரும். பெரிய பருத்திப் பையில் தளர்வாகப் போட்டோ, தொங்கவிட்டோ வைக்க வேண்டும். ஆயிரத்தைந்நூறு சதுர அடி வீடுகளில்கூட அதற்கு இடம் ஒதுக்க வீட்டில் சம்மதம் வாங்குவது கஷ்டம். துவைப்பது அதைவிடப் பாடு. தனிச் சோப்பு, மென்மையான சுழற்சி, பிறகு குறைந்த சூட்டில் டிரையருக்குள் டென்னிஸ் பந்துகளையும் போட்டு மணிக்கணக்கில் சுற்றவிட வேண்டும். தூவிக் கட்டிகளைப் பந்துகள் அடித்து உடைக்கும். கார்த்திகை மாத மழையில், பால்கனிக் கொடியில் காயவைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் சிந்தெடிக்கே வாங்கட்டும். பராமரித்தால் டவுன் பல்லாண்டு உழைக்கும் என்பது உண்மை. சிந்தெடிக் இழை அமுங்கி அமுங்கிச் சில வருஷத்திலேயே தளர்ந்துவிடும் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் 'பராமரித்தால்' என்பதை யார் செய்வது?

எங்கள் வீட்டில் இன்னொரு கேள்வியும் வந்தது. "வாத்தைக் கொன்னா எடுக்கறாங்க?" என்றார் அம்மா. பெரும்பாலும் இறைச்சிக்காக வளர்க்கும் வாத்துகளின் உபரிதான் இது. உயிரோடு பிடுங்கும் கொடுமையும் சில இடங்களில் உண்டு. அதைத் தடுக்கவென்றே 2014-ல் ஆர்.டி.எஸ். என்ற சான்று முறை வந்தது. வாங்குகிறவர்கள் அந்த முத்திரையைப் பார்த்து வாங்கலாம். ஐஸ்லாந்தில் ஈடர் வாத்து தன் நெஞ்சுத் தூவியாலேயே கூட்டுக்கு மெத்தை போடும். பறவையைத் துன்புறுத்தாமல் கூட்டிலிருந்து அதைச் சேகரிக்கிறார்கள். விலை கேட்டால் தலை சுற்றும். பாலியெஸ்டர்காரர்களும் கையைத் தட்டிவிட்டுப் போக முடியாது, அது பெட்ரோலியத்தின் பிள்ளை. சைவம் பார்க்கிறவர்கள் சிந்தெடிக் வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. பூமிக்கு நல்லது என்று சொல்லி வாங்கினால்தான் சிரிப்பு வரும்.

பையில் எழுதியிருக்கும் டிகிரியை மட்டும் அப்படியே நம்பக் கூடாது. ஐ.எஸ்.ஓ. 23537 என்ற தரப்படி கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று எண்கள். லிமிட் என்பது ஓர் இளைஞன் உடம்பைக் குறுக்கிக்கொண்டு எட்டு மணி நேரம் சமாளிக்கும் குளிர். எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் பிழைப்பது பற்றியது. தூக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பல நேரம் நமக்குப் பொருந்தாத எண்ணைத்தான். இருபது டிகிரிக்கே ஸ்வெட்டர் தேடும் ஊரில் வளர்ந்த நமக்கு கம்ஃபர்ட்தான் கணக்கு. அதிலும் ஐந்து டிகிரி கூட்டிக்கொள்வது நல்லது.

அக்கா மகன் போவது டிசம்பரில், கேதார்காந்தாவுக்கு, முதல் தடவையாக. வாங்கவே வேண்டாம், அங்கே வாடகைக்குக் கிடைப்பதை எடுத்துக்கொள் என்றேன். அநேகமாக சிந்தெடிக்காக இருக்கும், முன்னால் படுத்தவரின் வாடையும் இருக்கும். ஒரு பருத்தி லைனர் தைத்துக்கொண்டு போனால் அந்த வாடையிலிருந்து தப்பலாம். பைக்கு ஒதுக்கிய காசில் நல்ல தரைமெத்தை வாங்கச் சொன்னேன். டவுனோ சிந்தெடிக்கோ, நம் முதுகுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் பகுதி நம் எடையில் நசுங்கித்தான் கிடக்கும். பனித்தரையின் குளிரை அங்கே தடுப்பது மெத்தை மட்டும்தான். குளிரைத் தடுக்கும் திறனைச் சொல்லும் அதன் ஆர்-மதிப்பு 4-க்குக் கீழே இருந்தால் டிசம்பருக்கு எடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன். இப்போது எந்த நிறத்தில் வாங்குவது என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.