“உள்ளே ஊசி உடைஞ்சிடுச்சும்மா!”

சத்தம் எதுவும் வரவில்லை. விரல் நுனியில் ஒரு சின்ன அதிர்வு, அவ்வளவுதான். வெளியே எடுத்துப் பார்த்தபோது, 25 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய ஃபைல் 3 மில்லிமீட்டர் குறைவாக இருந்தது.

மீதி எங்கே இருக்கிறது என்பது, கும்பகோணத்தில் 16 வருடங்களாக கிளினிக் நடத்தும் அந்தப் பெண் பல் மருத்துவருக்கு உடனே தெரிந்துவிட்டது. நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்த தையல்கடை அம்மாவின் கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேருக்குள்!

ரூட் கேனால் சிகிச்சையில் வேருக்குள் இருக்கும் மெல்லிய குழாய்களைச் சுத்தம் செய்யும் ஊசி போன்ற கருவிதான் ஃபைல். வளைந்த வேருக்குள் வளைந்து சுழன்று களைத்துப்போகும் உலோகம், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சில நேரம் உடைந்துவிடும். கை தேர்ந்தவர்களுக்கும் இது நடப்பதுண்டு.

மணி ஏழு. வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள். பல் மரத்துப்போயிருந்ததால் அந்த அம்மாவுக்கு எதுவும் தெரியாது. அப்படியே அடைத்து, மேலே கேப் போட்டு அனுப்பிவிட்டால், பல வருடங்களுக்குப் பிரச்னை வராமலே போகலாம்.

11 வருடங்களுக்கு முன்பு, அந்த டாக்டர் அதைத்தான் செய்தார்.

அப்போது வந்தவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். எட்டு மாதம் கழித்து அவருக்குக் கன்னம் வீங்க, மகன் இருக்கும் ஊரில் எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். வேருக்குள் வெள்ளைக் கோடாக உடைந்த துண்டு. அந்தப் படத்தோடு கிளினிக்குக்கு வந்தவர், குரலைக்கூட உயர்த்தவில்லை.

“உடைஞ்சதுக்காக நான் கோபப்படலம்மா. பேப்பர் திருத்துறப்ப நானும் தப்பு பண்ணியிருக்கேன். ஆனா, தெரிஞ்ச உடனே பையனைக் கூப்பிட்டுச் சொல்லிடுவேன். நீங்க ஏன் சொல்லல?”

பதில் இல்லை. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் தொடவில்லை. வழக்கும் போடவில்லை. ஆனால், அவர் வீட்டிலிருந்து அதன்பிறகு யாருமே வரவில்லை.

அன்றிரவு டாக்டருக்குத் தூக்கம் வரவில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தார். கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருந்தது. அதே நீதிமன்றம் 2005-ல், எதிர்பாராத விபத்து ஒன்று நடந்துவிட்டதாலேயே அது அலட்சியம் என்று ஆகிவிடாது என்றும் தெளிவாக்கியிருந்தது. ஆக, உடைந்த துண்டைவிடப் பெரிய ஆபத்து, சொல்லாமல் விட்டதும், எழுதாமல் விட்டதும்தான் என்பது அவருக்குப் புரிந்தது.

அடுத்த வாரமே கிளினிக்கின் வழக்கங்கள் மாறின. ஒவ்வொரு ஃபைலும் எத்தனை முறை பயன்பட்டது என்று கணக்கு. கருவி தொண்டைக்குள் விழாமலிருக்க, பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட். சிகிச்சைக்கு முன்பு, என்னவெல்லாம் நடக்கக்கூடும் என்று தமிழில் ஒரு தாள். அதைப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து.

வரவேற்பறைச் சுவரிலும் ஒரு அறிவிப்பு வந்தது: ‘சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள்.’ பல்லுக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுவது தெரியாமல் பல்லைப் பிடுங்கினால், ரத்தம் நிற்க நேரமாகும். அதற்காக அந்த மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிட்டு வருவது இன்னும் ஆபத்து. எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் சில ஊசிகளால், பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போவதும் உண்டு. சர்க்கரை, மருந்து அலர்ஜி, கர்ப்பம் எதையுமே மறைக்கக் கூடாது.

வழக்கங்களை மாற்றுவது எளிது. இதோ, 11 வருடங்கள் கழித்து, மறுபடியும் அதே 3 மில்லிமீட்டர்!

டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். ரப்பர் ஷீட்டைக் கழற்றினார். நாற்காலியை நிமிர்த்தி, தன் மாஸ்க்கை இறக்கிவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“அம்மா, சுத்தம் பண்றப்ப உள்ளே ஊசி உடைஞ்சிடுச்சும்மா. சின்னத் துண்டு ஒண்ணு வேருக்குள்ள இருக்கு. பாருங்க, இதுதான்.”

அந்த அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மரத்துப்போன உதட்டோடு மெதுவாகக் கேட்டார்.

“எங்க மெஷின்லயும் ஊசி உடையும் டாக்டர். துணியில மாட்டுனா பிடுங்கிடுவேன். பல்லுல மாட்டுனா?”

“மைக்ரோஸ்கோப் வெச்சு எடுக்கப் பார்க்கலாம். தஞ்சாவூர்ல ஒரு ஸ்பெஷலிஸ்ட் இருக்கார். எடுக்கப்போய் வேர் பலவீனமாகும்னா, துண்டை உள்ளேயே விட்டு அடைச்சுட்டு, அப்பப்ப படம் எடுத்துப் பார்ப்போம்.”

“தீபாவளி துணியெல்லாம் குவிஞ்சு கிடக்கு. ஒரு நாள் கடையை மூடணும். செலவு வேற...”

“அந்தச் செலவு என்னோடதும்மா. நாள் மட்டும்தான் உங்களோடது. அதுக்கு மன்னிச்சுக்குங்க.”

நேரம், பல்லின் எண், உடைந்த நீளம், நோயாளியிடம் சொன்ன விவரம் எல்லாவற்றையும் கேஸ் ஷீட்டில் எழுதினார். எக்ஸ்ரேயின் நகலை அந்த அம்மாவின் கையிலேயே கொடுத்தார். காத்திருந்த ஆறு பேரில் இரண்டு பேர் கிளம்பிப் போயிருந்தார்கள்.

தஞ்சாவூர் ஸ்பெஷலிஸ்ட்டால் துண்டை எடுக்க முடியவில்லை. அதன் பக்கவாட்டில் வழி கண்டுபிடித்து, மிச்சக் குழாயைச் சுத்தம் செய்து அடைத்தார். ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தில், வேரின் நுனியில் இருந்த கறுப்பு நிழல் சுருங்கியிருந்தது. முழுக்க ஆறிவிட்டது என்று டாக்டர் சொல்லவில்லை. “இன்னும் ஆறு மாசம் கழிச்சு ஒரு படம் பார்த்துடலாம்மா” என்றார்.

அந்த அம்மா தலையாட்டிவிட்டு, கூட வந்திருந்த மருமகளை நாற்காலிப் பக்கம் தள்ளினார்.

“பயப்படாம உட்காரு. இவங்க எது நடந்தாலும் சொல்லிடுவாங்க!”